வைத்த கை

படலைத் திறந்துவிட்டது கலைமதிதான். இரண்டு கல்தூண்களுக்கு நடுவே கம்பியால் மாட்டியிருந்த அந்த மூங்கில் படலை அவள் தூக்கி ஓரமாகச் சாய்த்ததும், ஜெயக்கொடியின் செம்மறிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தன.

"பாரு, கல்யாணத்துல மொத பந்திக்கு ஓடுற மாதிரி ஓடுதுங்க," என்றாள் ஜெயக்கொடி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எத்தினி மாசமா வேலிக்கு இந்தாண்ட நின்னு மோந்து பாத்துக்கினு கெடந்துச்சுங்க."

கலைமதியும் சிரித்தாள். அக்கினி நட்சத்திரம் முடியும் முன்பே அந்த வருடம் மழை வந்துவிட்டது. இரண்டு நல்ல மழை. பழுப்பாகக் கிடந்த நிலம் ஒரே வாரத்தில் பச்சையாகிவிட்டது. தூரத்தில் கோட்டை மலையின் பாறைகள் ஈரம் காயாமல் கறுத்திருந்தன. வெயில் பட்டதும் அவற்றின் மேல் மெல்லிய ஆவி எழுந்தது. உலகத்திலேயே மகிழ்ச்சியான இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று கலைமதிக்குத் தோன்றியது.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் சாலையில், வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டினால் வரும் அந்த வெளியை ஊரார் மேய்க்கால் என்பார்கள். எல்லோருடைய ஆடும் மேயலாம், யாருக்கும் சொந்தமில்லை. அரசாங்கப் பதிவில் புறம்போக்கு. பேருந்தில் போகிறவர்களுக்கு அது கல்லும் புல்லுமாய்க் கிடக்கும் ஒன்றுமில்லாத இடம். அங்கே முயல் இருக்கிறது, கௌதாரி இருக்கிறது, மரமே இல்லாததால் தரையிலிருந்தே எழும்பிப் பாடும் வானம்பாடி இருக்கிறது, விடியலில் எப்போதாவது ஒரு நரி குறுக்கே போகிறது என்று கலைமதி சொன்னால் செஞ்சியில் அவள் தோழிகளே நம்புவதில்லை.

அவள் ஒரு பல்கலைக்கழகத்தில் சூழலியல் ஆராய்ச்சி மாணவி. செஞ்சியில் பிறந்து வளர்ந்தவள். அவள் நைனா பேருந்து நடத்துநர். ஊர் ஊராகப் போய்க் காடுகளை ஆராயும் மற்ற மாணவர்களைப் போலில்லாமல், தன் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போகும் தூரத்தில் இருந்த இந்த மேய்க்காலை அவள் தேர்ந்தெடுத்தாள். அவளுடைய கேள்வி எளிமையானது. ஆடு மேயும் மண்ணும் மேயாமல் ஓய்வெடுக்கும் மண்ணும் எப்படி வேறுபடும்? அதற்காக ஊர்க்காரர்களிடம் கேட்டு மேய்க்காலில் பாதியை வேலி போட்டு அடைத்திருந்தாள். மழை வந்ததும் திறந்துவிடுவதாகப் பேச்சு.

இரண்டு பாதியிலும் மண்ணுக்குள் சின்னச் சின்ன மூட்டைகளைப் புதைத்திருந்தாள். கைக்குட்டை அளவு வெள்ளைத் துணியில் காய்ந்த ஆட்டுப் புழுக்கையையும் புல்லையும் வைத்துக் கட்டிய மூட்டைகள். மண்ணுக்குள் இருக்கும் பூச்சியும் கரையானும் பூஞ்சையும் அவற்றைத் தின்னும். சில மாதம் கழித்துத் தோண்டி எடை போட்டால் எவ்வளவு தின்றிருக்கின்றன என்று தெரியும். அதுதான் மண்ணின் பதில். மண் நிறத்துக்கு நடுவே கண்ணில் பட வேண்டும் என்று மூட்டைகளைச் சிவப்பு நூலால் கட்டினாள். காகிதத்தில் எழுதினால் மட்கிவிடும் என்பதால் அலுமினியத் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஆணியால் எண்களை அழுத்தி ஒவ்வொன்றுக்குள்ளும் வைத்தாள்.

புழுக்கையை அள்ளிக் கொடுத்தது ஜெயக்கொடி. "எங்க ஆட்டுப் புழுக்கைக்கு இவ்ளோ மருவாதியா? எடைக்கு எடை தங்கம் குடுப்பியா பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே கூடை நிறையக் கொடுத்தாள்.

மேய்க்காலில் நடக்கும்போது கலைமதி செருப்பைக் கழற்றிவிடுவாள். காலுக்குக் கீழே ஓர் ஊர் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, அதன் கூரைமேல் நாம் நடக்கிறோம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மாலைவரை செம்மறிகள் தலை தூக்காமல் மேய்ந்தன.

*

மறுநாள் காலை ஜெயக்கொடி போன் செய்தாள். வார்த்தை எதுவும் புரியவில்லை. அழுகை மட்டும்தான் கேட்டது.

கலைமதி போய்ச் சேர்ந்தபோது பட்டிக்குப் பக்கத்தில் ஆடுகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. தலையை முதுகுப்பக்கம் வளைத்து, பல்லை நறநறவென்று கடித்து, காற்றில் ஓடுவதுபோல் நான்கு கால்களையும் உதைத்துக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நின்றுவிட்டது. செத்தவை எல்லாம் மந்தையில் நன்றாகக் கொழுத்தவை. நோஞ்சான்கள் எல்லாம் பட்டிக்குள் நின்று பேந்தப் பேந்த விழித்தன.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். ஒரு ஆட்டை அறுத்தும் பார்த்தார். "துள்ளுமாரி," என்றார். கையைக் கழுவிக்கொண்டு ஜீப்பருகே வந்தபோது கலைமதியிடம் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

"ஆட்டு வயித்துல எப்பவுமே இருக்கற கிருமிதாம்மா. திடீர்னு இளம்புல்ல வயிறு முட்டத் தின்னா அது பெருகி வெஷமாயிடும். நல்லா மேயற ஆடுதான் மொதல்ல போகும். அடைச்சு வெச்சிருந்த பக்கம் ஒரே நாள்ல தொறந்துட்டீங்களா?"

"ஆமா சார்."

"காலைல கொஞ்ச நேரம், மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம்னு பழக்கியிருக்கணும். ஊசி அடுத்த வாரம் போடறதா இருந்தோம். மழை முந்திக்கிச்சு. யாரைச் சொல்றது?" அவர் ஜீப்பில் ஏறினார். "மிச்சத்துக்கு இப்பவே ஊசி போட ஆள் அனுப்பறேன். அந்தப் பக்கம் விட வேணாம்னு சொல்லுங்க."

ஜீப் கிளப்பிய புழுதி அடங்கும்வரை கலைமதி அங்கேயே நின்றாள். மண்ணின் அமிலத்தன்மை தெரியும், ஈரப்பதம் தெரியும், எந்தப் புல் எந்த வாரத்தில் பூக்கும் என்று தெரியும். ஆட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று அவள் படித்ததேயில்லை. ஜெயக்கொடி அக்காவிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும், அக்கா, என்னாலதான், நான் தெரியாம செஞ்சுட்டேன் என்று. அவள் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஜெயக்கொடியின் கணவர் வீராசாமி மேய்க்கால் ஓரத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஊர்க்காரர்கள் நின்றார்கள். மண்வெட்டி எதிலோ சிக்கியது. அவர் குனிந்து எடுத்தார்.

பாதி மட்கிய வெள்ளைத் துணி. சிவப்பு நூல். துணியின் கிழிசல் வழியாகத் தகடு வெயிலில் பளிச்சென்று மின்னியது.

சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"அது என்னோடதுண்ணே," என்றாள் கலைமதி. அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

வீராசாமி மண்வெட்டியைக் கீழே வைத்தார். "உன்னுதா?"

"ஆராய்ச்சிக்கு வெச்சது. மண்ணு எவ்ளோ திங்குதுன்னு பாக்கறதுக்கு."

"மண்ணு திங்குமா?"

"மண்ணுல இருக்கற பூச்சி."

"தகடு எதுக்கும்மா?"

"நம்பர் போட. எந்த எடத்துல வெச்சதுன்னு தெரியணும் இல்ல?"

"நூலு?"

"கண்ணுக்குத் தெரியறதுக்கு."

"செவப்பு நூலுதான் கண்ணுக்குத் தெரியுமா? பச்ச, மஞ்சளெல்லாம் தெரியாதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஓர் இளைஞன் தகட்டை வாங்கிப் பார்த்தான். "இது சும்மா நம்பருதான். செய்வென தகடுன்னா கட்டம் கட்டமா போட்டிருப்பாங்க."

"நீ எங்கடா தகடு படிச்ச? பத்தாவதே நீ பாஸ் பண்ல."

"உள்ள இன்னா கீது, பிரிச்சுப் பாருங்கய்யா."

வீராசாமி நூலை இழுத்தார். உள்ளங்கையில் புழுக்கைகள் உருண்டன.

அழுது தலை கலைந்திருந்த ஜெயக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு புழுக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். "இது எங்க ஆட்டுதுதான?"

"அக்கா, நீங்கதான அள்ளிக் குடுத்தீங்க? சிரிச்சிக்கினே குடுத்தீங்களே."

"நானே குடுத்தேன்," என்று ஜெயக்கொடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "எங்கையாலயே அள்ளி அள்ளிக் குடுத்தேன்."

பக்கத்து வீட்டு மீனம்பாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "செருப்பக் கழட்டிட்டு நடப்பா. எத்தினி வாட்டி பாத்திருக்கேன். கோயில்ல நடக்கற மாதிரி மெள்ள மெள்ள. அப்பவே நெனச்சேன்."

"அப்பவே நெனச்சவ எதுக்குடி கூப்பிட்டு மோர் குடுத்த?"

"மோர் குடுக்கறது வேற. வெயில்ல வந்த பொண்ணுக்கு மோர் குடுக்காம?"

"டாக்டர் சொன்னாரு இல்ல?" கலைமதியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "துள்ளுமாரி. மழைக்கு மொளச்ச புல்ல ஒரே நாள்ல நெறைய தின்னதாலதான்."

"புல்லு தின்னா ஆடு சாவும்னா, ஆடு இன்னாத்த திங்கணும்? பிரியாணியா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். உடனே, செத்த ஆடுகள் கிடப்பது நினைவுக்கு வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

கலைமதி ஜெயக்கொடியைப் பார்த்தாள். மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. அக்கா, என்னாலதான். அதைச் சொன்னால் இப்போது அதற்கு ஒரே ஒரு பொருள்தான். அவள் செய்ததைச் சொன்னாலும், அவள் செய்யாததை ஒப்புக்கொண்டதாகத்தான் கேட்கும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

*

சாயங்காலத்துக்குள் இன்னும் ஒரு ஆடு செத்தது. ஊராட்சித் தலைவர் அரங்கநாதன் புல்லட்டில் வந்து இறங்கினார்.

"இதப் பாரும்மா, எனக்கு இதுல எல்லாம் நம்பிக்க இல்ல," என்றார் முதலில். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "ஆனா ஊருக்கு இருக்குது. நாளைக்கு ஒரு மாடு செத்தாலும் உன் பேரச் சொல்லுவாங்க, மனுசன் செத்தாலும் சொல்லுவாங்க. அதனால சுளுவா ஒண்ணு பண்ணிடலாம். எங்க மச்சான் ஜேசிபி சும்மாத்தான் நிக்குது. மொத்தமா ஒரு அடி வழிச்சுட்டா எல்லாம் வந்துடும். மண்ணும் ரோட்டு வேலைக்கு ஆச்சு."

"ஒரு அடியா?"

"பத்தலன்னா ரெண்டு அடி."

அந்த வெளியில் மண் என்று சொல்லத்தக்கது ஒரு சாணுக்குச் சற்று மேல்தான். அதற்குக் கீழே சரளை, அதற்குக் கீழே கோட்டை மலையின் அதே பாறை. அந்த ஒரு சாணுக்குள்தான் எல்லாம் இருந்தது: புல்லின் வேர், எறும்பின் அறைகள், இன்னும் முளைக்காத விதைகள். மேலே சரளைக் கற்களுக்கு நடுவே, கற்களைப் போலவே புள்ளி போட்ட ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள். இயந்திரம் அரை நாளில் வழித்துவிடும். திரும்ப அது உருவாவதைப் பார்க்க இப்போது உயிரோடு இருக்கும் யாரும் இருக்கமாட்டார்கள்.

"வேணாம் தலைவரே. எங்கெங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நானே எடுத்துக் குடுத்துடறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"எத்தினிம்மா வெச்சிருக்க?"

அவள் சொன்னாள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. "ஒரு ஊரக் கட்ட ஒண்ணு போதுமே," என்றாள் மீனம்பாள்.

அன்று அவள் ஆராய்ச்சி வழிகாட்டியான பேராசிரியர் ராமகிருஷ்ணனுக்குப் போன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஜாக்கிரதையா இரும்மா," என்றார். பிறகு தயங்கி, "மேய்ச்சல் பக்கத்து மூட்டைகளை மட்டுமாவது விட்டு வைக்கச் சொல்லிப் பார்க்கறியா? ஒப்பிட ஏதாவது வேணுமே," என்றார்.

நைனா வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "அங்க போவாத. நாம யாரு, எந்தத் தெருன்னு அவங்களுக்குத் தெரியும். நாளைக்கு ஒண்ணுன்னா நமக்குன்னு பேச ஒருத்தன் வரமாட்டான்."

"நான் போவலன்னா மிசின வுட்டுடுவாங்க நைனா."

"வுடட்டும். மண்ணுதான?"

அவள் கரண்டியைத் தேடி எடுத்துப் பையில் வைத்தாள். ஆமாம், மண்தான்.

*

வெள்ளிக்கிழமை குறிகாரர் வந்தார். பெயர் பார்த்திபன். அவலூர்பேட்டையில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர். செவ்வாய், வெள்ளியில் குறி சொல்பவர். கலைமதியைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். நெற்றி நிறையக் குங்குமம், தோளில் துண்டு, பைக்கின் முன்னால் ஒரு பை எலுமிச்சம்பழம்.

"வெச்ச கையேதான் எடுக்கணும்," என்றார் ஊராரிடம். "வேற யாரும் தொடக் கூடாது."

கலைமதி தலைக்குக் குளித்துவிட்டு வர வேண்டும் என்றார்கள். வந்தாள். மஞ்சள் தண்ணீரில் கையை நனைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நனைத்தாள். பிறகு கைபேசியை எடுத்து, தான் குறித்து வைத்திருந்த புள்ளிகளைத் திறந்தாள். அவள் முன்னால் நடந்தாள். பின்னால் பார்த்திபன் சொம்போடும் வேப்பிலையோடும், அவருக்குப் பின்னால் ஊர்.

முதல் மூட்டையைக் கரண்டியால் கெல்லி எடுத்தபோது பார்த்திபன் அவள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார். "சரியா அதே எடத்துல நிக்குதே," என்றார் வியப்போடு. பிறகு குரலைத் தாழ்த்தி, "இது இன்னா ஆப்பு மேடம்?"

அவள் பெயரைச் சொன்னாள்.

"ஃப்ரீயா?"

"ஃப்ரீதான்."

"எனக்கு லிங்க் அனுப்புங்க. நம்ம தொழிலுக்கு ரொம்ப ஒதவும்."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கேலியே இல்லை. உண்மையாகவே கேட்டார்.

ஒவ்வொரு மூட்டை வெளியே வரும்போதும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பார்த்திபன் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார், எலுமிச்சம்பழத்தைக் காலால் நசுக்கினார், மூட்டையைக் கோணியில் போடச் சொன்னார். அவள் போட்டாள். அடுத்த புள்ளிக்கு நடந்தாள். கொஞ்ச நேரத்தில் கூட்டமே அவளுக்கு மறந்துபோனது. ஏனென்றால், அவள் கைகளுக்கு ஏதோ தெரியத் தொடங்கியிருந்தது.

அடைத்து வைத்திருந்த பக்கத்து மூட்டைகள் கனமாக இருந்தன. துணி பழுப்பேறியிருந்தது, ஆனால் முழுசாக இருந்தது. ஆடு மேய்ந்த பக்கத்து மூட்டைகளில் கனமே இல்லை. சிலவற்றில் நூலும் தகடும் மட்டும் மிஞ்சியிருந்தன. மண் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. ஆட்டின் குளம்பு கிளறிய, ஆட்டின் மூத்திரம் நனைத்த மண்தான் பசியோடு, உயிரோடு இருந்தது. ஓய்வு கொடுத்த மண் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த நிலம் ஆடுகளை வேண்டுகிறது. இரண்டு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் இதுவாக இருக்கலாம். நிறுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

"தலைவரே, இத எரிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி எடை போட்டுக்கட்டுமா?"

அரங்கநாதன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "சும்மா இரும்மா. ஏற்கெனவே நீ பண்ணது போதும்."

கடைசிப் புள்ளி மேய்ந்த பக்கத்தின் கோடியில் இருந்தது. அவள் நின்றாள். அங்கே போக அவளுக்குக் கால் வரவில்லை. புள்ளியிலிருந்து கையெட்டும் தூரத்தில்தான் ஆள்காட்டியின் முட்டைகள். கூட்டம் வந்தால் ஒன்றும் மிஞ்சாது. முட்டை எது, கல் எது என்று பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியாது.

அதற்குள் குருவியே எழும்பிவிட்டது. தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தியது.

"பாத்தியா, பாத்தியா! குருவியே காட்டிக் குடுக்குது," என்று கூட்டம் முன்னால் நெருக்கியது.

"இங்க நான் மட்டும் போறேன்," என்றாள் கலைமதி.

"ஏன்? அங்க இன்னா பெருசா வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தயவுசெஞ்சு."

"தலைவரே, இங்கதான் இருக்குது மூலம். அவளத் தனியா வுடாதீங்க."

குருவி தரையில் இறங்கி, ஒரு சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது. கூட்டத்தை வேறு பக்கம் இழுக்கப் பார்த்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒருத்தி மட்டும் கவனித்தாள். அன்று காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்த ஜெயக்கொடி, கையிலிருந்த ஆட்டுக்கோலைக் குறுக்கே நீட்டிக் கூட்டத்தை மறித்தாள்.

"முட்ட வெச்சிருக்குது. ஒருத்தரும் வராதீங்க. அவளே எடுத்துக்கினு வரட்டும்."

எல்லோரும் நின்றார்கள். செத்தது அவளுடைய ஆடுகள். அன்று அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

கலைமதி குனிந்து தனியாகப் போனாள். குருவி அவள் தலையை உரசிக்கொண்டு பறந்தது. முட்டைகள் நான்கும் இருந்தன. கரண்டியை மெதுவாக இறக்கினாள். நூல் வந்தது. தகடு வந்தது. துணியில்லை, புழுக்கையில்லை, அவை இருந்த இடத்தில் கறுப்பாய், பொலபொலவென்று, மழை வாசனையோடு ஒரு பிடி மண் இருந்தது. அதைக் கோணியில் போட வேண்டாம் என்று நினைத்தாள். அதை அங்கேயே விட்டு, தகட்டையும் நூலையும் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

கற்பூரம் பற்ற வைத்தார்கள். கோணி மெதுவாகவும் துணிகள் வேகமாகவும் எரிந்தன. தகடுகள் மட்டும் எரியாமல் சுருண்டன.

*

அதற்குப் பிறகு ஒரு ஆடும் சாகவில்லை.

ஊசி போட ஆள் வந்ததும், அந்தப் பக்கம் யாரும் ஆட்டை விடாததும் யாருடைய கணக்கிலும் வரவில்லை. எடுத்தார்கள், நின்றுவிட்டது. இதைவிடத் தெளிவான ஒரு முடிவைக் கலைமதி எந்த ஆய்வுக் கட்டுரையிலும் பார்த்ததில்லை. பார்த்திபன் பெயர் சேத்துப்பட்டு வரைக்கும் பரவிவிட்டதாகச் சொன்னார்கள். அவரே ஒருநாள் போன் செய்து, லிங்க் வந்துவிட்டது, நன்றி மேடம் என்றார்.

ஆடி மாதத்தில் அவள் மீண்டும் மேய்க்காலுக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. படல் அவள் சாய்த்து வைத்த இடத்திலேயே சாய்ந்திருந்தது. புல் முழங்காலுக்கு வளர்ந்து, கதிர் விட்டு, பழுத்துத் தலைசாய்ந்து கிடந்தது. ஊரில் யாரும் எந்தப் பக்கமும் ஆடு விடாததால், மேய்ந்த பக்கம், மேயாத பக்கம் என்ற வேறுபாடே போய்விட்டது. ஆள்காட்டியின் இடத்தைத் தேடினாள். சரளையே தெரியவில்லை. குஞ்சுகள் பொரித்து நடந்துபோயிருக்கலாம். நரி தின்றிருக்கலாம். வெட்டவெளி இருந்தால்தான் அந்தக் குருவி திரும்ப வரும். புல்லுக்கு நடுவே அங்கங்கே வேலிகாத்தான் கன்றுகள் முள்ளோடு தலை நீட்டியிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். விரலில் முள் ஏறியது. வேர் அசையவில்லை.

சாலையோரத்தில் மணியோசை கேட்டது. ஜெயக்கொடி. மிஞ்சிய செம்மறிகள் தார் விளிம்பில் புழுதி படிந்த எதையோ கடித்துக்கொண்டிருந்தன. லாரி ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டு போனது, ஆடுகள் ஒதுங்கின.

"நல்லா இருக்கியா பாப்பா? எளச்சிட்ட."

"நீங்க நல்லா இருக்கீங்களாக்கா?"

"இருக்கறேன்." ஜெயக்கொடி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து கையைப் பிடித்தாள். "நான் உன்ன தப்பா நெனக்கல. வீட்டுக்காரருகிட்டயும் சொல்லிட்டேன். நீ வேணும்னு செஞ்சிருக்க மாட்ட. சின்னப் பொண்ணு. படிக்கற எடத்துல யாரோ உன்ன வெச்சு செஞ்சுட்டாங்க."

கலைமதி அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "அக்கா, யாரும் செய்யல. நான்தான். ஒரே நாள்ல படலத் தொறந்துட்டேன். அந்தப் புல்லு—"

"புல்ல சொல்லாத," என்று ஜெயக்கொடி சட்டென்று சொன்னாள். கோபமில்லை, பதற்றம்தான். "புல்லு இன்னா பண்ணும், பாவம்."

"இப்ப முத்திப்போச்சுக்கா. ஊசியும் போட்டாச்சு. இப்ப மேஞ்சா ஒண்ணும் ஆவாது. மேயணும்க்கா. ஆடு வரலன்னா இதெல்லாம் முள்ளுக்காடா ஆயிடும். அப்பறம் யாராவது சும்மா கெடக்குதேன்னு எடுத்துக்குவாங்க."

"தலைவரு ஏற்கெனவே யாரையோ கார்ல இட்டுனு வந்து காட்டிட்டாரு." ஜெயக்கொடி மேய்க்காலைப் பார்க்காமல் சொன்னாள். "அந்த மண்ண இனிமே மிதிக்கக் கூடாதுன்னு எங்க வூட்டுல வேண்டிக்கினோம். வுடு பாப்பா. நீ நல்லா படி."

அவள் கோலைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மந்தை மெதுவாக நகர்ந்தது.

கலைமதி திறந்த படலுக்கு உள்பக்கம் நின்றாள். முழங்கால்வரை புல். ஜெயக்கொடி ஆடுகளைக் கூப்பிடும் விதத்தை அவள் இரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறாள். நாக்கை மேலண்ணத்தில் வைத்துத் தட்டும் ஒலி, நடுவில் ஒரு சின்ன இழுப்பு. அவள் முயன்று பார்த்தாள். முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது.

கடைசியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு குட்டி நின்றது. காதைத் திருப்பியது. சாலையிலிருந்து இறங்கி, பள்ளத்தைத் தாண்டி, படலுக்கு எதிரே வந்து நின்று புல்லை மோந்து பார்த்தது. கலைமதி மூச்சுவிடாமல் நின்றாள்.

முன்னாலிருந்து அதே ஒலி வந்தது. அசல் ஒலி.

குட்டி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, துள்ளித் திரும்பிச் சாலைக்கு ஓடியது.